பிடிவாதம் யார் வழி

பெண் வீட்டார் ஜாதகம் கேட்கவில்லை, குணச்சீட்டுதான் கேட்டிருந்தார்கள். எந்தக் குணம் யார் வழி வந்தது என்று ஆய்வகம் அனுப்பியிருந்ததை நிலவன் சாப்பாட்டு மேசையில் வைத்தே வாசித்தான்.

“பிடிவாதம், தாய் வழி.”

“தப்பா வந்திருக்கும்டா. உங்கப்பா வழின்னு இருக்கும், நல்லாப் பாரு” என்றாள் அம்மா சுபிக்ஷா.

“தாய் வழின்னுதாம்மா போட்டிருக்கு.”

கணவன் பிரசன்னா இறந்தபோது நிலவனுக்கு மூன்று வயது. அதன்பின் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு முரண்டு பிடித்தபோதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. ‘அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கான்’ என்று பூரித்துப்போவாள். அந்த முரண்டில்தான் பிரசன்னா இத்தனை காலம் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தான். இப்போது ஒரு சீட்டு வந்து அவனை வெளியே அனுப்பிவிட்டது.

“அப்போ அப்பாகிட்டருந்து எனக்கு என்னதாம்மா வந்துச்சு?”

“ஒண்ணும் வரல, போ!”

பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து நிலவன் மெல்லக் கதவைத் தட்டினான்.

“அம்மா, நான் பேசினது தப்புதான். காபி போட்டிருக்கேன், ஆறிடப் போகுது.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகன்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காலத்தில் பிரசன்னாமேலும் இருந்ததில்லை. ஆனாலும் எந்தச் சண்டையிலும் பிரசன்னாதான் முதலில் இறங்கி வந்து, இதே கதவுக்கு வெளியே காபியோடு நிற்பான். இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் அவள் திறப்பாள். அதையெல்லாம் எப்படித்தான் மறந்தாளோ.

கை தாழ்ப்பாள்வரை போயிற்று. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.