எதை ஊத்தட்டும் அண்ணா?

"மாமா, இது டர்போ வண்டி. சாதா பெட்ரோல் ஊத்தினா மேடு ஏறும்போது எஞ்சின் 'டக் டக்'னு தட்டும். அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

மைத்துனன் பெட்ரோல் குழாய்க்கும் வண்டிக்கும் நடுவில் கையை விரித்து நின்றான். ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவன். பெரிய பெரிய வண்டிகளின் வயிற்றுக் கோளாறெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"மாப்ளே, கலவை மிஷினுக்கு நான் ஊத்தாத எண்ணெயா? எஞ்சின்னா எஞ்சின்தான். டர்போன்னா அதுக்குக் கொம்பா முளைச்சிருக்கு?" என்றார் கொத்தனார்.

ஏழு பேர் உட்காரும் வண்டி. இரண்டாம் கையாக வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. கூட வரவேண்டிய கையேடு வரவில்லை. பெட்ரோல் முள்ளோ வந்த நாளிலிருந்து நடுவிலேயே படுத்துக் கிடந்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விரல்விட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குப்படி டேங்க் இன்றைக்குக் காயும் நேரம்.

பங்க் பெண் டேங்க் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எதை ஊத்தட்டும் அண்ணா? சாதாவா, பிரீமியமா?"

"சாதா" என்றார் கொத்தனார். "பிரீமியம்" என்றான் மைத்துனன், ஒரே மூச்சில்.

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

முன் சீட்டிலிருந்து கொத்தனாரின் மனைவி தலையை நீட்டினாள். "ஏங்க, பதினோரு மணிக்கு நம்ம பொண்ணை மேடைக்குக் கூப்பிடுவாங்க. அவ நர்ஸ் பட்டம் வாங்கறதை இங்க நின்னுக்கிட்டே பார்க்கலாம்னு இருக்கீங்களா?"

"ஒரு நிமிஷம் இரு. மாப்ளே, காலேஜ் மேட்டுல எஞ்சின் ஒரே ஒரு தட்டு தட்டட்டும். அங்கேயே, அந்த இடத்துலயே என் மீசையை எடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான் அவர் கை தானாக மீசைக்குப் போனது. இன்றைய போட்டோவுக்காகவே மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த மீசை. வேலைக்குப் போனால் சிமென்ட் படாமல் துணி கட்டிக் காப்பாற்றியது. 'அப்பா, மீசையை முறுக்கிக்கிட்டு வாங்க, ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்' என்று மகள் நேற்றுக்கூடப் போனில் சொல்லியிருந்தாள்.

"அக்கா, நீதான் சாட்சி. தட்டலைன்னா நான் என் மீசையை எடுத்துடறேன்" என்றான் மைத்துனன்.

"உனக்கு ஏதுடா மீசை? புருவம் வழி தவறிக் கீழே இறங்கி வந்த மாதிரி இருக்கு" என்ற அக்கா, மகளிடமிருந்து வந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டயருக்குக் காற்றுப் பிடிக்கும் பக்கம் போனான். போகிற போக்கில் பங்க் பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தான்.

கொத்தனார் தண்ணீர் பாட்டில் வாங்கக் கிளம்பினார். அவரும் அவள் பக்கம் குனிந்து, மைத்துனன் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி, ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் திரும்பி வருவதற்குள் பின்னால் ஆறு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. அடித்துப் பிடித்து ஏறினார்கள். வண்டி கிளம்பியது.

ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தார் கொத்தனார். பங்க் பெண் ஓடி வந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மரியாதை பாரு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புது" என்று அவரும் கையை ஆட்டினார்.

மேடு வந்தது. ஜன்னல்களை ஏற்றிவிட்டார்கள். யாரும் இருமக்கூட இல்லை. இரண்டாவது கியர். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. எஞ்சின் பால் குடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஏறியது. ஒரு தட்டுக்கூட இல்லை.

கொத்தனார் மீசையை முறுக்கினார். மைத்துனன் பின்சீட்டில் சாய்ந்து விசிலடித்தான்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருமே ஜெயிச்ச மாதிரி சிரிக்கிறீங்களே. அப்படி எதைத்தான் ஊத்தினீங்க?"

கொத்தனார் அசடு வழிந்தார். "மாப்ளே சொன்னதைத்தான். போட்டோ ஞாபகம் வந்துச்சு. 'அந்தத் தம்பி சொல்றதையே ஊத்தும்மா, காசும் அவன் தருவான்'னு சொல்லிட்டுப் போயிட்டேன். எவ்வளவு ஆச்சு மாப்ளே?"

விசில் நின்றது.

"நான் எங்க மாமா குடுத்தேன்? 'மாமா சொல்றதையே ஊத்துங்க, அவர் தருவார்'னுல்ல நான் சொல்லிட்டுப் போனேன். நல்ல நாளும் அதுவுமா உங்ககிட்ட மல்லுக்கு நிக்கறது நல்லாவா இருக்கும்?"

வண்டி இரண்டு முறை செருமியது. கல்லூரி வாசலுக்கு ஐம்பதடி இருக்கும்போது, எந்தச் சத்தமும் போடாமல் நின்றது.

"தட்டலை" என்றார் கொத்தனார் மெல்ல, மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் நடக்கறேன். மீசை இருக்கறவங்க பின்னாலயே ஓடி வாங்க."

அப்போது மேட்டில் மூச்சிரைக்க ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பங்க் பெண்! ஹேண்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு கேன்கள். கையில் டேங்க் மூடி.

"மூடியைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டேன், டாட்டா காட்டிட்டுப் போறீங்களே. ஒரு சொட்டுகூட ஊத்தலை. இப்பவாவது முடிவா சொல்லுங்க அண்ணா, எதை ஊத்தட்டும்?"

"பிரீமியம்" என்றார் கொத்தனார். "சாதா" என்றான் மைத்துனன், ஒரே மூச்சில்.