முருங்கைக்கீரையும் காந்தமும்

நெஞ்சின் இடப்பக்கம் கையை வைத்து, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் ஆயுசுக்கும் தனக்குக் காபி கிடைக்க வேண்டாம் என்று மணியன் சத்தியம் செய்தார்.

"இதே மெஷின், இதே கட்டில். போன தடவை அமெரிக்கா வந்தப்போ நானும் உள்ள போய்ப் படுத்தவன்தான், சம்பந்தியம்மா."

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்கு வெளியே, ஆஸ்பத்திரி அங்கியோடு உட்கார்ந்திருந்தார் விசாலாக்ஷி. மணியனுடைய மகளின் மாமியார். சோப்புப் போட்டு மூக்குத்தியைக்கூடக் கழற்றி மணியனிடம் கொடுத்தாகிவிட்டது. உள்ளே போகத்தான் கால் வரவில்லை. போன வாரமும் அந்த மெஷினின் குழாயைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டவர்.

கர்ப்பப்பையில் புற்றுநோய். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்தால்தான், ஆபரேஷனோடு போகுமா, அதற்கு மேலும் உண்டா என்று சொல்ல முடியும்.

உடம்புக்குள் தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்பதை இந்த ஸ்கேன் படம் பிடிக்குமாம். புற்றணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீருக்கு நகர வழி இருக்காதாம். மகன் ஷ்ரேயஸ் இதைத் தமிழில் விளக்கப்போய், அம்மாவின் பயம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். இப்போது காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஸ்கேன் எடுத்ததை எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"உடம்புக்கு வந்ததை சம்பந்தி வீட்ல யாராவது சொல்வாங்களா?"

விசாலாக்ஷிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கு வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியலாம். அதிலிருக்கும் இரும்புச்சத்தை யோசிக்காமல் மணியன் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டாராம். குழாய்க்குள் தள்ளியதும் காந்தம் இழுக்க, படுத்தவாக்கில் ஒரு முழம் மேலே போய்விட்டாராம். டெக்னீஷியன் பெண் ஓடி வந்து, காலைப் பிடித்துக் கீழே இழுத்து, வயிற்றின் மேல் நாலு தலையணையைப் பாரம் வைத்தாளாம்.

"சிறுவாணித் தண்ணி குடிச்ச உடம்பா, திரையில ஜம்முனு ஓடுது. கழுத்துகிட்ட மட்டும், சாயங்காலத்துல 880 ஃப்ரீவே டிராஃபிக் மாதிரி, அப்படியே நிக்குது. டாக்டருக்கு வேர்த்துப்போச்சு."

அங்கியின் நாடாவை முறுக்கிக்கொண்டிருந்த விசாலாக்ஷியின் விரல்கள் நின்றன. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, அது காபி. உங்க மருமக போட்ட டிகாஷன். அவ்வளவு கெட்டி, நகர மாட்டேங்குது."

"இது ஒண்ணுதான் நீங்க சொன்னதுல நிஜம்" என்று விசாலாக்ஷி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் எழுந்தும்விட்டார்.

வாசலில் போய் நின்றார். "துணைக்கு நீங்களும் உள்ள வந்து உட்காருங்களேன், சம்பந்தி."

"ஐயையோ! காலைல கீரைதான் சாப்பிட்டேன்" என்று மணியன் இரண்டடி பின்னால் போனார்.

சிரித்தபடியே விசாலாக்ஷி தனியாக உள்ளே போனார்.

வெளியே வந்ததும், "ஒரு அங்குலம்கூடத் தூக்கலை. ரசம் சாதத்தோட வந்தது தப்பு" என்று குறைப்பட்டுக்கொண்டே மூக்குத்தியைக் கேட்டு வாங்கினார்.

நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை, ஆபரேஷனே போதும் என்று அந்த வாரக் கடைசியில் டாக்டர் சொன்னார்.

மணியன் கை வைத்து சத்தியம் செய்த இடத்தில், தோலுக்கு அடியில், மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பொருத்திய பேஸ்மேக்கர் ஓடிக்கொண்டிருக்கிறது; அதை வைத்திருப்பவர்களை காந்தம் இருக்கும் அந்த அறை வாசலைத் தாண்ட விடுவதில்லை.