மூன்று இலைத் தழை

பாகூர் ஏரிக்கரையில் வெயில் ஏறுகிறது. ஆடுகளுக்கு ஒடித்த தழைக்கட்டை இறக்கிவைத்துவிட்டுக் காசம்மாள் நிற்கிறாள். நேற்று கோயில் வில்வத்தில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. அந்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் நாகராஜனுக்கு அவள் மேல்தான் சந்தேகம்; வழிமறித்து நிற்கிறார். கட்டுக்குள் வில்வம்போல் மும்மூன்றாய் இலைகள் தெரிகின்றன. “இது மாவிலங்க மரத்துதுங்க, அதுக்கும் மூணு எலதான். நீங்களே பாத்துக்குங்க” என்கிறாள். “வில்வமா இருந்துதுன்னா, ஒன் ஆடு இந்தக் கரைய மிதிக்கக் கூடாது” என்று கயிற்றை அவிழ்க்கிறார். குச்சியைக் கட்டைவிரலால் நீவுகிறார். வில்வத்தின் நீள முள் இல்லை. “முள்ள சீவி எறிஞ்சிட்டியா?” “ஆட்டுக்கு முள்ளு சீவிப் போட எனக்கு இன்னா, வேற வேல இல்லீங்களா?” இலையைக் கசக்கி முகர்கிறார். வில்வத்தின் மணம் இல்லை, காரமான பச்சை வாடை. அடுத்த குச்சி, அதற்கடுத்தது என்று கடைசிக் குச்சிவரை பார்க்கிறார். எல்லாமே மாவிலங்கம். கரையெங்கும் தழை இறைந்து கிடக்கிறது. காசம்மாள் குனிந்து பொறுக்குகிறாள். நாகராஜனும் உட்கார்ந்து அள்ளுகிறார், கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். தலையில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், அவள் கேட்கவில்லை. அவரே கட்டைத் தூக்கி அவள் சும்மாட்டின் மேல் வைக்கிறார். அவள் நாலடி போனதும் உள்ளங்கையை இன்னொரு தரம் முகர்ந்து பார்க்கிறார். அதே வாடைதான். கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.