பாலனுக்குப் போட்ட இலை

மூன்று இலை போட்டாயிற்று. இரண்டில்தான் ஆள்.

சூசையப்பராகத் தொம்மைத் தாத்தா உட்கார்ந்திருந்தார். மாதாவாக எதிர்வீட்டு ஸ்டெனி, முக்காடு போட்டுக்கொண்டு. நடுவில் பாலனுக்குப் போட்ட சின்ன இலை அப்படியே கிடந்தது.

குழந்தை இயேசுவை வளர்த்த சூசையப்பரின் திருநாள். அந்தக் கடற்கரை ஊரில் நேர்ச்சை உள்ள வீடுகளில் அன்று மதியம் ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு சிறுவன் என்று மூன்று பேரைத் திருக்குடும்பமாக உட்காரவைத்து, கால் கழுவி, சோறு போடுவார்கள். பாலன் முதல் வாய் உண்ணாமல் மற்ற இருவரும் இலையில் கை வைக்கக் கூடாது.

தொம்மைத் தாத்தா பசி தாங்காத மனிதர். அவியலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி அவியலைப் பார்த்தார்.

பாலனாக வர வேண்டியது செலினின் மகன். செலின் மட்டும் வந்து வாசலோடு நின்றாள்.

"பிள்ளைக்கு மேலு சுடுது மைனி. கூட்டிட்டு வர முடியல."

சொல்லி வாய் மூடவில்லை. அந்தப் பிள்ளை டயரை உருட்டிக்கொண்டு, கத்தியபடி தெருவில் ஓடினான். செலின் முகம் செத்துப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்காரி இவளுக்குக் கோபம் வரவில்லை. போன வருசம் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இவள் மகன் ஜெரின். ஆகஸ்டில் அவனைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த இடத்தில் எந்தத் தாய் தன் பிள்ளையை உட்காரவைப்பாள்? இவளே வைத்திருக்க மாட்டாள்.

"பாலன் சொரூபத்த எடுத்து வச்சிக்கிடலாமா மக்களே?" என்றார் தொம்மைத் தாத்தா. "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஸ்டெனி அவரை முறைத்தாள்.

நேர்ச்சையே வேண்டாம் என்றுதான் இவள் இருந்தாள். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட புனிதர் என்று பேர். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே. ஆனாலும் விடிந்ததும் கை தானாக அரிசியை அளந்துவிட்டது.

மாதா தேர்ப்பவனியன்று நடந்தது. ஆண்கள் முன்னால் வடம் பிடித்துப் போனார்கள். பெண்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். ஜெரினுக்கு ஆறு வயது. எந்தப் பக்கமும் நடக்கலாம் என்கிற வயது.

அப்பாவோடு இருக்கிறான் என்று இவள் நினைத்தாள்.

அம்மாவோடு இருக்கிறான் என்று இவள் புருசன் நினைத்தான்.

தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

எருசலேம் திருவிழாவில் மாதாவும் சூசையப்பரும் பாலனைத் தொலைத்தபோதும் இதேதான் நடந்தது. அங்கே மூன்றாம் நாள் பிள்ளை கோவிலில் கிடைத்தான்.

இங்கே மூன்றாம் நாள் பாறைகளுக்கு நடுவில் கிடைத்தான்.

"ஒங்க கூடத்தான இருந்தான்" என்று அன்று ஊர் நடுவே புருசனைப் பார்த்துக் கத்தினாள். அதற்குப் பிறகு அவனோடு ஒரு சொல் பேசவில்லை. சோறு வைப்பாள், நகர்ந்துவிடுவாள்.

'நானும் ஒங்கூடன்னுதான் நெனச்சேன்' என்று அவன் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்ல நியாயம் இருந்தது. சொல்லவில்லை. ஊரே அவனைத்தான் ஏசியது. அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

காலையில் பூசையில் சாமியார் சொன்னார், வேதம் முழுக்கத் தேடினாலும் சூசையப்பர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது என்று. இவள் அப்போது பாயசத்துக்கு வெல்லம் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதுதான் அது காதில் விழுந்தது.

செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். புருசன் வலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். திருநாளும் அதுவுமாகப் பழைய கைலி.

"உள்ள வாங்க. எலை காத்துக் கெடக்கு."

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று விளங்கவே நேரமாயிற்று.

"அது பிள்ளைக்கு உள்ள எலைல்லா" என்றான்.

இவள் குனிந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள். அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை. கையால் தேய்த்துக் கழுவினாள்.

உள்ளங்கால் முழுக்கத் தழும்பு.

செருப்பில்லாமல் பாறை பாறையாகப் பிள்ளையைத் தேடி அலைந்தபோது சிப்பி கிழித்தது. எவ்வளவு நாள் புண்ணாய்க் கிடந்ததோ. யார் மருந்து போட்டார்களோ. ஒரே வீட்டில் இருந்தும் இவளுக்குத் தெரியாது.

முந்தானையால் அந்தக் கால்களைத் துடைத்தாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். இலை சின்னது, ஆள் பெரியவன். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான். ஸ்டெனி ஒதுங்கி இடம் விட்டாள். தொம்மைத் தாத்தா அவியலைப் பார்க்கவில்லை.

முதல் வாய் அவன் உண்ண வேண்டும்.

கை சோறு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. அந்த அழுகைக்குச் சத்தம் இல்லை.

இவள் அவன் எதிரில் முழந்தாளிட்டாள். சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்தாள். சின்ன உருண்டையாக உருட்டினாள்.

சோறு ஆறி வெகுநேரமாகியிருந்தது.

உருண்டையைத் தன் வாயருகே பிடித்து, ஊதினாள். இன்னொரு தடவை ஊதினாள்.

பிறகு அவன் வாய்க்குக் கொண்டுபோனாள்.