இரண்டாவது ஹூக்

வீட்டிலிருந்தே நிரல் எழுதும் கிரிதரனின் காதுக் கருவியில், கேட்கும் பேச்சை வடிகட்டி அனுப்பும் ஒரு பைப்லைன் இருந்தது. மனைவி ஜீவிதா பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான், கோபம் குறைந்து, சுருங்கி, அவனுக்குக் கேட்கும். வேலைக் களைப்பில் போன மாதம் அவனே அதில் ஹூக் எனப்படும் குட்டி நிரல்கள் இரண்டைச் சேர்த்தான். அவள் முன்பே சொன்னதைத் திரும்பச் சொன்னால் முதல் ஹூக் அதைத் தூக்கி எறிந்துவிடும். அவள் வருத்தப்படாமல் இருக்க, அப்படி எறிந்த பேச்சுக்கு இரண்டாவது ஹூக், கருவியின் ஸ்பீக்கர் வழியாக, அவனுக்குத் தெரியாமலே அவன் குரலில் பதில் சொல்லிவிடும்.

இன்று மதியம் கருவியில் சார்ஜ் தீர்ந்தது. அடுத்த அறையிலிருந்து முனகல் கேட்டது. ஓடினான். ஜீவிதா வயிற்றைப் பிடித்தபடி சோபாவில் சுருண்டிருந்தாள்.

"என்னாச்சு? வலிக்குதுன்னு அன்னிக்கு ஒரு நாள்தானே சொன்னே?"

"நல்லா இருக்கு கதை! பன்னண்டு நாளா சொல்றேங்க. டாக்டர்கிட்ட போலாமான்னு தினமும் கேட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"சரிம்மா, போலாம்னீங்க." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "தினமும் புடவை மாத்திக்கிட்டு வாசல்ல நிப்பேன். நீங்க வேலைல மறந்திருப்பீங்கன்னு, அப்புறம் மடிச்சு வெச்சுடுவேன்."