ஓடாத வண்டியின் வயசு

பாலக்கரை ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில், திறந்த பானெட்டுக்குள் வட்டமாக விழுந்து கிடக்கிறது. மஜீதாவின் கார் கண்ணாடிபோல் பளபளக்கிறது. கணவர் பரக்கத் அலி துபாயிலிருந்து லீவில் வந்தால் மட்டும் ஓடுகிற கார். மற்ற நாளெல்லாம் வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் அவள்தான் துடைத்து, கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்து வைப்பாள். மூன்று வருடம் கழித்து நாளைக்கு அவர் வருகிறார். ஏர்போர்ட்டுக்குப் போகுமுன் ஒருதரம் காட்டிவிடலாமென்று ஓட்டி வந்திருக்கிறாள். மெக்கானிக் சவரிராயன் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட்டை விரலால் அழுத்திக் காட்டுகிறார். கறுப்பு ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

“ஓடவே இல்லையேங்க, எப்படித் தேயும்?”

“தேயலைம்மா. சும்மா நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட்டுக்குப் பதிலா செயின் வச்ச வண்டின்னா கரகரன்னு சத்தம் போட்டுக் காட்டிக்குடுத்துரும். பெல்ட்டு ஒண்ணுமே சொல்லாது. ஒருநாள் பட்டுனு அறுந்து இன்ஜினையும் கெடுத்துரும். மாத்திடுறேன்.”

தலையாட்டுகிறாள். கைப்பைக்குள் போன் அடிக்கிறது. அவர்தான், வீடியோ காலில். எடுக்குமுன் முக்காட்டை முன்னால் இழுத்து நெற்றியோர நரையை உள்ளே தள்ளிக்கொள்கிறாள். திரையில் பரக்கத் அலி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

“வண்டி எப்படி இருக்கு மஜீதா? புதுசு மாதிரிதானே?”

மஜீதா வெடித்த பெல்ட்டைப் பார்த்தபடியே சிரிக்கிறாள்.

“பார்க்கப் புதுசுதாங்க.”