புரோகிராம் சொன்ன பெயர்

“தினம் பத்து மணிக்கு வெளியே எங்க போற?”

ஆய்வுக்கூடத் தலைவர் ஹரிஹரன் கேட்டதும், கூட்டிக்கொண்டிருந்த ஆராயியின் கையிலிருந்து துடைப்பம் நழுவிக் கீழே விழுந்தது.

“எங்கயும் போவல சார்.”

“கேட் நோட்டுல இருக்கே!”

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஆய்வுக்கூடம் அது. நியூட்ரினோ என்னும் நுண்துகள் வெளிவராமலே ஒருவகை அணு சிதையுமா என்று தேடுகிறார்கள். சிதைந்தால் மெல்லிய துடிப்பு ஒன்று வருமாம். அதற்காக உறைகுளிரில் ஒரு படிகத்தை வைத்துக்கொண்டு தவம் கிடக்கிறார்கள். இதுவரை வந்ததெல்லாம் போலித் துடிப்பு.

போலிக்குக் காரணம் என்ன? ஆராய்ச்சி மாணவி அம்மு ஆறு மாதத் தகவலைக் கொட்டி ஒரு புரோகிராமைப் பழக்கினாள். மின்சாரம், வெப்பம், கேட் நோட்டு, எதையும் விடவில்லை. அது மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஆராயி வெளியே போகும் நேரம்!

“இவங்கதான் சார். புரோகிராம் தப்பு சொல்லாது” என்றாள் அம்மு.

 திங்கட்கிழமை ஆராய்ச்சியை மதிப்பிடக் கமிட்டி வருகிறது. போலி குறையாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். நாலு வருஷ உழைப்பு வீண்.

“சார், வேலய மட்டும் எட்த்துடாதீங்க. பொண்ணு நர்ஸிங் படிச்சுகினு கீது. நான் இன்னா சொல்றேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு வாரம் வராத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் ஆராயி.

மறுநாள் அம்மு திரையைப் பார்த்தாள். போலித் துடிப்பு குறையவில்லை, கூடியிருந்தது. அடுத்த நாள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் பழைய கணக்கையெல்லாம் மறுபடி புரட்டினாள். தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் போலித் துடிப்பு இல்லாமல் சுத்தமாக இருந்திருக்கிறது.

“சார்... புரோகிராம் பேரை மட்டும்தான் சொல்லுச்சு. அவங்க போனா போலி கூடுதா, குறையுதான்னு நாமதான் பார்க்கல.”

ஹரிஹரன் கேட் நோட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார்.

அப்போது கேட்டில் ஒருவர் வந்து நின்றார். தலையெல்லாம் கல் தூசி. பின்பக்கத்துச் சிற்பப் பட்டறை சடையப்பன்.

“ஆராயி அக்கா உள்ள கீதா சார்? தெனம் பத்து மணிக்கு வந்து கைகூப்பிகினு நிக்கும். ‘மிஷின ரெண்டு மணி நேரம் நிறுத்துங்கப்பா, உளியால செதுக்குங்க. நீங்க கல்லு அறுத்தா என் பக்கெட்டு தண்ணியே ஆடுது, எங்க லேப் புள்ளைங்க பொட்டி ஆடாதா?’ன்னு கெஞ்சும். நாங்களும் நிறுத்திடுவோம். மூணு நாளா ஆளக் காணோம். உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயமா கீது சார்.”